அவ நிக்கட்டும்

நோபல் பார்க், மெல்பேர்ண்
22.2.1976

அன்புள்ள சின்னம்மாவுக்கு கிரிஜா எழுதுவது.

அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். மானிப்பாயில் நீங்களும் வாசுதேவன் மாமாவும் மாமியும் சுகம்தானே? மழை விட்ட பிறகு உங்கள் தொய்வு குறைந்ததா? இரவில் மூச்சு எடுக்க முடிகிறதா?

எனக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. புதுச் சீருடை அப்பா வாங்கித் தந்தார். கார்த் தொழிற்சாலையில் அப்பாவுக்கு இப்போது மேலதிகாரி வேலை.

அம்மாவின் கடைசி நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மா நைரோபியில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். நல்ல டொக்டர்மார் பார்த்தார்கள். அப்பா முடிவுவரை பக்கத்திலிருந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா வேதனைப்படவில்லை.

மாமாவின் கடிதமும் கிடைத்தது. ஆண்டுத் திவசம் முடிந்ததும் நீங்கள் அப்பாவைக் கல்யாணம் செய்து இங்கே வருவது பற்றி எழுதியிருந்தார். தாயின் தங்கை வந்தால் பிள்ளைக்கு மாற்றாந்தாய்க் கொடுமை இருக்காது என்றும் எழுதியிருந்தார். எனக்கு மிகுந்த சந்தோஷம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்
கிரிஜா

வதனாவுக்கு: பிள்ளை தானாகவே உட்கார்ந்து எழுதினாள். எழுத்துப் பிழை இருந்தால் டீச்சர் மன்னிக்க வேண்டும். – ஆனந்தராஜா

•

நோபல் பார்க்
22.2.1976, இரவு

சின்னம்மா,

இன்றைக்கே இன்னொரு கடிதமா என்று யோசிக்காதீர்கள். இதை வீட்டுக்கு அனுப்பாமல் நீங்கள் படிப்பிக்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன். மாமாவிடம் காட்டாதீர்கள்.

மத்தியானம் எழுதியதை அப்பா என் கதிரைக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். ‘மிகுந்த’ என்பது அப்பாவின் சொல். உங்கள் தொய்வைப் பற்றிக் கேட்டது மட்டும் என்னுடையது. அதை எழுதும்போது, “அது என்னத்துக்கு?” என்று கேட்டார். பிறகு, “சரி, இருக்கட்டும்” என்றார்.

உடுப்புத் துவைக்கும் அறையில் மெஷினுக்கு மேல் கடதாசியை வைத்து எழுதுகிறேன். அப்பா எழும்பினால் சீருடை தோய்க்கிறேன் என்று சொல்வேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் சாகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே செத்த பிறகுதான்.

நீங்கள் இங்கே வராதீர்கள். ‘மாட்டேன்’ என்று மாமாவிடம் சொல்லுங்கள். காரணம் கேட்டால் ஏதாவது சொல்லுங்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்லாதீர்கள்.

பதிலை வீட்டுக்குப் போட வேண்டாம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பால், பாண் விற்கும் கடை இருக்கிறது. கடைக்காரி எலேனி கிரேக்கப் பெண். அவருக்கும் ஊரிலிருந்துதான் கடிதம் வரும், அதனால் என்னைத் துருவிக் கேட்கவில்லை. கீழே எழுதியிருப்பது அவர் விலாசம்.

உங்களுக்குச் சுகம் கிடைக்க வேண்டும்.

கிரிஜா

•

மானிப்பாய்
19.3.1976

என் செல்லப் பிள்ளை கிரிஜாவுக்கு,

நான் இருக்கிறேன். தொய்வு வந்தும் போயும் கொண்டிருக்கிறது. உன் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நெஞ்சைத்தான் கடவுள் இரண்டாகப் பிளந்து தந்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தலைமுடியை வெட்டிவிட்டாயா?

உன் கடிதத்தை வகுப்பிலேயே வாசித்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதக் கொடுத்துவிட்டு வாசித்தேன். பிறகு ஒரு பிள்ளை வந்து, “ரீச்சர், முடிச்சிட்டன்” என்று முன்னால் நின்றபோது எனக்கு அவள் பெயர் வாயில் வரவில்லை.

பிள்ளை, இப்படிப் பாதி சொல்லிப் பாதி விழுங்காதே. இங்கே மாமா கொழும்புக்கு ஆள் அனுப்பிப் பாஸ்போர்ட் வேலை தொடங்கிவிட்டார். மாமி என் சீலைகளை எடுத்து எதை விட்டுப்போவேன் என்று பார்க்கிறாள். ‘மாட்டேன்’ என்று சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டும். முப்பத்தாறு வயதில் செவ்வாய் தோஷத்தோடு இருக்கிறவள் சும்மா மாட்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

என்ன நடந்தது? நீ கண்ணால் கண்டதை மட்டும் எழுது. பயப்படாதே. உன் எழுத்து என் கையை விட்டு எங்கும் போகாது.

கடவுள் உனக்குத் துணை.

உன்னை முத்தமிடும்
சின்னம்மா சந்திரவதனா

•

நோபல் பார்க்
11.4.1976

அன்புச் சின்னம்மா,

எனக்குச் சுகம். முடி வெட்டவில்லை. உங்கள் பள்ளிக்கூடத்தில் மாமரம் பூத்துவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள், பூந்தூள் உங்களுக்கு ஆகாது என்று அம்மா சொல்வார்.

கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா இங்கே ஒரு படம் பிடிக்கும் சங்கத்தில் சேர்ந்திருந்தது உங்களுக்குத் தெரியும். அதில் எல்லோரும் வெள்ளைக்காரர். சங்கத்து ஹார்ட் தம்பதிகள் கென்யாவுக்குச் சபாரி போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பாவும் சேர்ந்துகொண்டார். அம்மா வர விரும்பவில்லை. “ஹார்ட் மனிசியோடைதானே வாறார். நான் தனியப் போனா என்ன நினைப்பினம்?” என்று அப்பா கேட்டார்.

அங்கே பெரிய பெரிய பண்ணைகள் இருக்கின்றன. சொந்தக்காரர்கள் தங்கள் நிலத்தில் மாட்டை மட்டுமல்ல, யானை, சிங்கம், காண்டாமிருகம் எல்லாவற்றையும் வேட்டைக்காரர் வராமல் காத்து வைத்திருக்கிறார்கள். ரோட்டால் போக முடியாது. சின்ன விமானத்தில் ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்குப் பறந்து பறந்து போக வேண்டும். புல்லில்தான் இறங்கும். நாங்கள் இறங்குவதற்கு முன் ஒருவர் ஜீப்பில் ஓடி வரிக்குதிரைகளைத் துரத்திவிடுவார். அம்மாவுக்கு அது மட்டும் பிடித்தது. “பாவம், எங்களுக்காக எழும்பி ஓடுதுகள்” என்று ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்ப்பார்.

விமானத்தில் ஏறும்முன் ஆட்களையும் நிறுப்பார்கள். சாக்கு நிறுக்கும் தராசு. பைலட் பீட்டர் என்ற பெடியன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பான். பாரம் கூடினால் மேலே எழும்பாது.

நைரோபியில் அம்மா உடனே தராசில் ஏறவில்லை. சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏறுமப்பா. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

“அவையள் அங்காலை போகட்டும். பிறகு ஏறுறன்.”

அம்மா ஏறியதும் அப்பா முள்ளைக் குனிந்து பார்த்து, எடையை இங்கிலீசில் உரக்க வாசித்தார். “என் மனைவிக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்” என்றார். ஹார்ட் தம்பதிகள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். ஒவ்வொரு பண்ணையிலும் அப்பா அதையே சொன்னார். இரண்டாவது பண்ணையில் மிஸிஸ் ஹார்ட் சிரிக்கவில்லை. அம்மா அங்கே இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

மூன்றாவது பண்ணை மலைக்கு மேலே. புழுதி. வந்த அன்றே அம்மாவுக்குத் தொய்வு தொடங்கி, மூச்சுப் பம்ப் அடித்து அடித்துத்தான் படுத்தார். காலையில் நாங்கள் புறப்படும்போது வெயில் ஏறிவிட்டது. அங்கே ஓடுபாதை குட்டை. மலையில் காற்று மெலிவு, வெயிலில் இன்னும் மெலிந்துவிடும், இந்தப் பாரத்தோடு எழும்பாது என்று பீட்டர் சொன்னான். அப்பாவின் லென்ஸ் பெட்டிகள் இரண்டையும் காட்டி, “இவை நின்றால் போதும், நாளைக்கு மத்தியானம் கொண்டுவந்து தருகிறேன்” என்றான்.

அப்பா பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்றார்.

“அடுத்த பண்ணையிலைதான் காண்டாமிருகம். லென்ஸ் இல்லாமல் நான் அங்கை போய் என்ன செய்யிறது?” என்று எனக்கும் அம்மாவுக்கும் தமிழில் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்க்காமல், “அவ நிக்கட்டும்” என்றார். “இஞ்ச நிண்டு சாப்பிட்டு நித்திரை கொள்ளட்டும். நாளைக்கு வரலாம்.” பைலட்டிடம் இங்கிலீசில், அவளே நிற்க விரும்புகிறாள் என்றார்.

மிஸ்டர் ஹார்ட் தன் பையை விடுகிறேன் என்றார். அப்பா கேட்கவில்லை. நானும் அம்மாவோடு நிற்கிறேன் என்றேன். “நீ ஏறு” என்றார்.

அம்மா என்னிடம், “போ குஞ்சு. நான் நிக்கிறன். ஒரு நாள்தானே” என்றார்.

சின்னம்மா, அம்மாவின் மண்ணிறப் பையை அதற்கு முன்பே விமானத்தின் வயிற்றில் ஏற்றிவிட்டார்கள். பம்பும் குளிசைகளும் அதில்தான் இருந்தன. விமானம் உருளத் தொடங்கிய பிறகுதான் அம்மாவுக்கு அது நினைவு வந்தது. ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறு கையால் விமானத்தின் வயிற்றைக் காட்டிக் காட்டி ஓடி வந்தார். ஜீப் துரத்திய வரிக்குதிரைகள் அவருக்குப் பின்னால் நின்றன.

“அப்பா! அம்மாவின்ர பை! மருந்துப் பை!”

“கத்தாதை. கை ஆடுது. படம் எடுக்கிறன்.”

நான் பீட்டரின் தோளைத் தட்டினேன். அப்பா என் கையைப் பிடித்து மடியில் வைத்து அமத்திக்கொண்டார். அப்போது சக்கரம் நிலத்தை விட்டுவிட்டது.

அடுத்த பண்ணையில் இறங்கியதும் அப்பா எல்லோருக்கும் முன்னால் என்னிடம், “நாளைக்கு விமானம் போகேக்கை பையும் போகும்” என்றார். மறுநாள் காலை அந்தப் பண்ணையிலிருந்து றேடியோவில் செய்தி வந்தது. அம்மாவை எடுக்கப் போக முன் பீட்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, மன்னிக்க வேண்டும், உங்கள் மனைவியின் எடை எனக்குத் தெரிய வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டான். அப்பா யோசிக்கவே இல்லை. “எழுபத்தொன்பதரை” என்றார்.

நைரோபியில் எரித்தோம். விமானத்தில் வீட்டுக்கு வரும்போது, “உன்ர அம்மா ஆஸ்பத்திரியிலை செத்தவ. நீ வேறை கதை சொன்னா, பிள்ளைக்கு மூளை பிசகிட்டுது எண்டு விசர் ஆஸ்பத்திரியிலை விடுவினம். நான் ஒரு கையெழுத்துப் போட்டால் காணும்” என்று அப்பா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஜூஸை என் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்.

இப்போது உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சொல்லிவிடுங்கள் சின்னம்மா, வரமாட்டேன் என்று.

மூச்சைக் கவனியுங்கள்.

கிரிஜா

•

நோபல் பார்க்
20.6.1976

அன்புச் சின்னம்மா,

சுகமா? என் கடிதம் கிடைக்கவில்லையா? எலேனியின் கடைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் போகிறேன். நான் கேட்கும் முன்பே அவர் தலையை ஆட்டிவிடுவார். நேற்று ஒரு சாக்லேட் தந்து காசு வாங்கவில்லை. அதனால் உங்களுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துபோனேன்.

இங்கே ஒன்று நடந்தது. அப்பா சங்கத்து ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சபாரி ஸ்லைட் காட்டினார். நான் வடை சுட்டேன். முன்னறையில் திரை கட்டி, விளக்கை அணைத்து, யானை, ஒட்டகச்சிவிங்கி என்று ஒவ்வொன்றாக வந்தது. அவர்கள் “ஆ” என்றார்கள். பிறகு அம்மா வந்தார்.

திரை முழுக்க மஞ்சள் புல். வரிக்குதிரைகள். நடுவில் சிவப்புச் சீலையில் அம்மா, சின்னதாக. கை நீட்டியபடி. அந்தப் படத்துக்குச் சங்கத்தில் முதற்பரிசு கொடுத்து ஒரு நீல றிபனும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கிழவி என் தோளைத் தடவி, “எவ்வளவு அன்பாக உங்களுக்குக் கை காட்டி வழியனுப்புகிறார், பார்” என்றார். கண்ணீர் கூட விட்டார்.

மிஸ்டர் ஹார்ட் எழும்பி வெளியே போய்விட்டார். அவர் மனைவியும் போனார். கார்ச் சத்தம் கேட்டது. அவர்கள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த ஆட்கள் இரண்டே பேர், அவர்களும் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

அப்பா அந்தப் படத்தை நெடுநேரம் மாற்றவில்லை. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு வரி போதும். ‘போக மாட்டேன்’ என்று மட்டும் எழுதுங்கள்.

கிரிஜா

•

மானிப்பாய்
16.7.1976

அன்புள்ள கிரிஜாவுக்கு,

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. இங்கே யாவரும் சுகம். பரீட்சை விடைத்தாள் திருத்துவதில் எழுத நேரம் கிடைக்கவில்லை.

சில விஷயங்கள் அறிய வேண்டும். அங்கே குசினியில் காஸ் அடுப்பா, மின்சார அடுப்பா? குளிருக்குச் சீலைக்கு மேல் என்ன போடுவார்கள்? உன் அப்பாவுக்குக் காலையில் பாண் போதுமா, இடியப்பம் கேட்பாரா? அம்மா அவிக்கும்போது நீ பார்த்திருப்பாய். மிளகாய்த்தூள் எவ்வளவு கொண்டுவரலாம் என்றும் கேட்டு எழுது. இல்லை, கேட்க வேண்டாம். நீயே பார்த்து எழுது.

இன்னொன்று. நீ எழுதிய அந்த எடை றாத்தலில் எவ்வளவு வரும்? இங்கே தராசெல்லாம் றாத்தலில்தான். ஆலையில் நெல் நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தேன். அக்காவிலும் நான் குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

நீ நன்றாகப் படி. அப்பாவோடு எதிர்த்துக் கதைக்காதே.

ஆசீர்வாதங்களுடன்
சின்னம்மா

•

நோபல் பார்க்
8.8.1976

சின்னம்மா,

மின்சார அடுப்பு. சீலைக்கு மேல் கம்பளிக் கோட். அப்பா பாண் சாப்பிட மாட்டார், இடியப்பம் சுடச்சுட வேண்டும், ஆறினால் தட்டைத் தள்ளிவிடுவார். அம்மா ஐந்து மணிக்கு எழும்புவார். இப்போது நான்.

றாத்தல் கணக்கை நான் எழுத மாட்டேன்.

நான் எழுதியதை வாசித்த பிறகும் நீங்கள் நெல்லுத் தராசில் ஏறினீர்களா? அம்மா மெலிந்தவராக இருந்திருந்தால் அந்தப் பெட்டிகளை அப்பா விட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? நானும் அங்கேதான் நின்றேன். நான் மெலிவு. அன்றைக்கு அம்மாவுக்குப் பதிலாக என் பாரம் சரியாக வந்திருந்தால், “பிள்ளை நிக்கட்டும்” என்று சொல்லியிருப்பார்.

சிலவேளை நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களோ தெரியாது. தெய்வத்தின் மேல் ஆணையாக நான் கூட்டி எழுதவில்லை. குறைத்துத்தான் எழுதினேன். றேடியோவில் செய்தி வந்த காலை அப்பா காண்டாமிருகம் பார்க்கப் போய்விட்டுத்தான் வந்தார். “இனி ஓடிப்போய் என்ன செய்யிறது? வெளிச்சம் போயிடும்” என்றார்.

தயவுசெய்து வராதீர்கள். என்னை அங்கே கூப்பிட வழி இருந்தால் கூப்பிடுங்கள். மாமி வீட்டில் ஒரு மூலை போதும்.

கிரிஜா

•

மானிப்பாய்
3.10.1976

என் பிள்ளைக்கு,

இம்முறை சுகம் விசாரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். சுகமா?

நீ பொய் சொன்னாய் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. முதல் வாசிப்பிலேயே நம்பினேன். அக்கா ஓடி வந்ததை நானே நின்று பார்த்த மாதிரி இருந்தது. அன்றிரவு நெஞ்சு அடைத்துக்கொண்டு, மாமி ஆவி பிடிக்க வைத்தாள். “என்னடி நடந்தது?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அக்காவின் ஆண்டுத் திவசம் முடிந்தது. கார்த்திகையில் கொழும்பில் கல்யாண எழுத்து. உன் அப்பா வருகிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்பாய், ஏன் என்று. நான் குசினிக்குப் பக்கத்து அறையில் நெல் மூட்டைகளோடு படுக்கிறேன். சம்பளத்தை மாமாவிடம் கொடுக்கிறேன். இரண்டாம் தரம் சோறு போட்டால் மாமி பானையைப் பார்ப்பாள், என்னைப் பார்க்க மாட்டாள். இங்கே யாரும் தராசு வைப்பதில்லை, ஆனால் தினமும் நிறுக்கிறார்கள். நல்லநாள் வீடுகளுக்கு என்னை முன்னால் விடமாட்டார்கள். இதுவரை எவரும் என்னைக் கேட்டு வந்ததில்லை பிள்ளை. ஒரே ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் எப்படிப்பட்டவர் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே அறிந்துகொண்டு போகும் பெண் ஊரில் நான் ஒருத்திதான். அதை நன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா சிரித்துச் சிரித்து விட்டுக்கொடுத்தாள். நான் அப்படி இருக்க மாட்டேன்.

நான் வந்தால் உனக்கு நல்லது. ஐந்து மணிக்கு நான் எழும்புவேன், நீ நித்திரை கொள்ளலாம். என் கடிதங்களை எரித்துவிடு.

சின்னம்மா

•

பென்டில் ஹில், சிட்னி
27.2.1977

அன்புச் சின்னம்மா,

நீங்கள் சுகமாக வந்து சேர்ந்தீர்கள் என்று அறிந்தேன். மெல்பேர்ண் வெயில் ஒத்துக்கொள்கிறதா? இதை எலேனியின் கடைக்கு அனுப்புகிறேன். பால் வாங்கப் போகும்போது தருவார்.

உங்களை விமான நிலையத்தில் பார்க்க முடியவில்லை. கொழும்பிலிருந்து அப்பா தனியாகத் திரும்பி வந்த அன்றே என் பெட்டியை அடுக்கச் சொன்னார். “இரவிலை வோஷிங் மெஷினுக்கு மேலை வைச்சு எழுதுறியாமே?” என்று கேட்டார். அடிக்கவில்லை. “என்னென்ன எழுதினனீ எண்டு எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார். அடுத்த கிழமை அப்பாவின் சிநேகிதர் அரியரத்தினம் அங்கிள் சிட்னியிலிருந்து வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அங்கிளும் இராஜேஸ்வரி அன்ரியும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுடைய சின்னப் பிள்ளைகள் இரண்டையும் நான் பார்க்க வேண்டும், அதனால் பள்ளிக்கூடத்துக்கு எல்லா நாளும் போக முடிவதில்லை. எனக்கு மூளை பிசகு என்று அப்பா சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. அன்ரி கத்திகளை மேல் தட்டில் வைத்துப் பூட்டுகிறார்.

எலேனி யாரிடமும் சொல்லவில்லை என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார். நான் நம்புகிறேன். மெஷினுக்கு மேல் வைத்து எழுதியது அவருக்கே தெரியாது. நான் அதை உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன்.

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். உங்களைச் சந்தேகப்பட எனக்கு விருப்பமில்லை. இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். எப்போது என்னைக் கூப்பிடுவீர்கள்?

கிரிஜா

•

நோபல் பார்க்
14.8.1977

அன்புள்ள கிரிஜாவுக்கு,

அங்கே எல்லோரும் சுகம் என்று அன்ரி போனில் சொன்னார். அப்பாவும் நானும் சுகம். இந்த ஊர்க் குளிர் என் நெஞ்சைச் சும்மா விடவில்லை. அப்பாதான் டொக்டரிடம் கூட்டிப்போய்ப் பம்ப் வாங்கித் தந்தார்.

மாசியில் நீ போட்ட கடிதம் கிடைத்தது. இனி அந்தக் கிரேக்கக் கடைக்கு எழுதாதே. நாங்கள் இப்போது பால் வாங்குவது வேறு இடத்தில். வீட்டு விலாசத்துக்கே எழுது. இந்த வீட்டில் ஒருவருக்கு வரும் கடிதத்தை மற்றவரும் வாசிப்போம், ஒளிவுமறைவு இல்லை.

ஓம், நான்தான் சொன்னேன். எழுத்து முடிந்த அன்றே, கொழும்பு ஹோட்டலில் வைத்து, எனக்கு எல்லாம் தெரியும் என்று அவரிடம் சொன்னேன். உன் கடிதங்களையும் கொடுத்தேன். வெறும் கையோடு வந்தவளை எந்த மனிதன் மதிப்பான்? அன்றிலிருந்து அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. இடியப்பம் ஆறினாலும் சாப்பிடுகிறார். அதற்கு நீ கொஞ்சம் விலை கொடுக்க வேண்டி வந்துவிட்டது. வளர்ந்தபின் விளங்கிக்கொள்வாய்.

நல்ல செய்தி ஒன்று. நாங்கள் வருகிற வெள்ளிக்கிழமை கென்யாவுக்குப் போகிறோம். அதே சபாரி. அந்தப் பண்ணைகளை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவரும் சம்மதித்தார். போன முறை காண்டாமிருகப் படம் சரியாக வரவில்லையாம். உனக்கும் பள்ளி விடுமுறைதானே, உன்னையும் கூட்டிப் போவோமா என்று அப்பா ஒரு பேச்சுக்குக் கேட்டார். அது சின்ன விமானம். மூன்று பேர் என்றால் சாமான்களை விட வேண்டி வரும். பழையதெல்லாம் கிளறுப்படும். நான்தான், “அவ நிக்கட்டும்” என்று சொன்னேன். நீ மனவருத்தப்படாதே.

எல்லாம் ஒழுங்காக அடுக்கிவிட்டேன். என் பம்ப், குளிசை, தைலம் யாவும் பச்சைப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தராசில் ஏற எனக்குப் பயமில்லை. நான் அறுபதுக்குக் கீழே.

பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்.

சின்னம்மா

•

பென்டில் ஹில்
18.8.1977

சின்னம்மாவுக்கு,

சுகம் கேட்டு எழுத நேரம் இல்லை. உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் டெலிபோன் எடுத்தேன். அப்பாதான் எடுத்தார். “ஹலோ” என்றார். வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன். மறுபடியும் அவர்தான். மூன்றாம் தரம் நான் வைக்கவில்லை. சின்னம்மாவோடு கதைக்க வேண்டும் என்றேன். “அவ அடுக்கிறா” என்று சொல்லிவிட்டு அவரே வைத்துவிட்டார்.

ஆகையால் இதை எழுதுகிறேன். நீங்கள் போன பிறகுதான் இது வாசலில் விழும் என்று தெரியும். நைரோபியில் நீங்கள் தங்கும் ஹோட்டல் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை. அங்கிளைக் கேட்டேன், தெரியாது என்றார். வேறு எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா வாசிப்பார். வாசிக்கட்டும்.

பம்பைப் பெட்டியில் வைக்காதீர்கள். கைப்பையிலும் வேண்டாம், அதையும் வாங்கி விமானத்தின் வயிற்றில் போட்டுவிடுவார்கள். சட்டைக்குள் வையுங்கள். இடுப்புச் சீலையில் முடிந்து வையுங்கள். ஏறும் முன் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மூன்றாவது பண்ணையில்தான் புழுதி. வெயில் ஏற முன் புறப்படச் சொல்லுங்கள்.

அறுபதுக்குக் கீழே என்றாலும் அதே தராசுதான். லென்ஸ் பெட்டிகள் இப்போது மூன்று. மூன்றாவதை அவர் வாங்கும்போது நான் பக்கத்தில் நின்றேன்.

நிற்கச் சொன்னால் நிற்காதீர்கள். நிற்க வேண்டி வந்தால் கையைக் காட்டாதீர்கள், கத்துங்கள். கையைக் காட்டினால் வழியனுப்புகிறீர்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்பா படம் எடுப்பார்.

கிரிஜா